மூன்று நாட்டுக்கு ஒரு சாட்சி

சம்மன் வந்தபோது எல்சி நாற்றங்காலில் நின்றிருந்தாள். பெண் போலீஸ் ஒருத்தி ஸ்கூட்டரை மதகுக்கட்டையில் நிறுத்திவிட்டு, பூட்ஸில் சேறு படாமல் இருக்க வரப்பில் தத்தித் தத்தி நடந்து வந்தாள். அவள் கையிலிருந்த தாள் அவளைவிட அதிக தூரம் நடந்திருந்தது. பிரான்ஸ் தேசத்து நீதிபதி கேட்டு, டெல்லிக்காரர்கள் வாங்கி, சென்னைக்குத் தள்ளி, தஞ்சாவூர் கோர்ட்டுக்கு வந்து, போகிற இடமெல்லாம் ஒரு முத்திரை வாங்கிக்கொண்டு கடைசியில் சூசைநல்லூர் வாய்க்காலில் வந்து நின்றது.

"எல்சிங்கிறது நீங்கதானே? பயப்படாதீங்க, சாட்சி சம்மன்தான்."

போலீஸ்காரி வாயால் பயப்படாதீங்க என்று கேட்ட பிறகு யாருக்குத்தான் பயம் வராமல் இருக்கும்? எல்சி கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கரையேறினாள். தாளை வாங்கத் துணிவில்லாமல், நீங்களே சொல்லுங்க என்றாள்.

போலீஸ்காரி நல்லவள்தான். இன்ஸ்பெக்டர் தனக்குச் சொன்னதை ஒன்றும் விடாமல் சொன்னாள். ஜூன் மாதம் பிரான்ஸில் ரோட்டோரம் ஒரு மூடின லாரி நின்றது. திறந்து பார்த்தால் உள்ளே ஒன்பது ஆண்கள், மூச்சுமுட்டிச் செத்திருந்தார்கள். நம் பக்கத்து ஆட்கள் மாதிரி இருந்தார்களாம். ஒருத்தரிடமும் காகிதம் இல்லை.

"லாரி இத்தாலியிலேருந்து கிளம்புனது. ஓட்டுனவன் ஜெர்மனியில மாட்டிருக்கான். லாரி ஒருத்தங்க கையில, டிரைவர் ஒருத்தங்க கையில, ஆளுங்கள அடைச்சி வச்சிருந்த குடோன் ஒருத்தங்க கையில. அந்த நாட்டுக்காரங்களுக்குள்ள ஒரு ஏற்பாடு இருக்காம். ஒரு கோர்ட்டு எழுதிக் கேட்டா இன்னொரு நாடு சாட்சியத்த எடுத்துக் குடுத்துடணும். நம்ம அதுல இல்ல பாருங்க, அதான் இவ்வளவு சுத்து."

"இதுக்கும் எனக்கும் என்னங்க?"

"அந்த டிரைவர் போன்ல உங்க நம்பர் இருக்கு. ஏஜெண்டு அனுப்பியிருக்கான். அந்த ஏஜெண்டுக்கு இத்தாலியில ஒரு பேரு, பிரான்ஸ்ல ஒரு பேரு, ஜெர்மனியில ஒரு பேரு. மூணும் ஒரே ஆளுன்னு ருசுப்படுத்த முடியல. போட்டோ காட்டுவாங்க. நெசப் பேரு என்ன, எந்த ஊருன்னு நீங்க சொன்னாப் போதும். வர்ற வியாழக்கிழமை."

அந்த ஆள் யார் என்று கேட்காமலே அவளுக்குத் தெரியும்.

"உங்க வீட்டுக்காரர் எங்க இருக்காரு?"

"பிரான்ஸ்லதாங்க. நல்லா இருக்காரு. போன மாசங்கூடப் பேசுனாரு."

"அப்ப கவலையில்ல" என்று போலீஸ்காரி கையெழுத்து வாங்கிக்கொண்டு போனாள்.

அந்த ஆள் பெயர் சவரியப்பன். சூசைநல்லூரில் பிறந்து, முப்பது வருஷத்துக்கு முன்னால் இத்தாலிக்குப் போனவர். வருஷத்துக்கு ஒருமுறை தேர்த்திருவிழாவுக்கு ஊர் வருவார். அவர் வந்தால் பங்குச்சாமியாரே பூசையைக் கொஞ்சம் நீட்டி வைப்பார் என்று ஊரில் கேலி உண்டு. கோயிலுக்குக் கொடிமரம் அவர் உபயம், மைக் செட் அவர் உபயம், மாதா சொரூபத்துக்கு மேலே சுற்றுகிற பல்பு மாலையும் அவர் உபயம். எல்சியின் மகள் ஃபெபிக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது, ஞானத்தகப்பனாக நிற்க முடியுமா என்று அவள் புருஷன் ரெஜின்தான் கூச்சத்தோடு போய்க் கேட்டான். சவரியப்பன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, பிள்ளையைக் கையில் ஏந்தி, பதிவேட்டில் கையெழுத்தும் போட்டார். நம்ம ஊரில் பிள்ளைக்கு ஞானத்தகப்பன் என்றால் பாதி அப்பன். அதற்குப் பிறகு அவர் சொல்லுக்கு அந்த வீட்டில் மறுசொல் ஏது?

ஆறு வருஷமாகக் குறுவைக்கு ஆற்றில் தண்ணீர் வரவில்லை. குடமுருட்டியில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடினார்கள். ரெஜினுக்கு வயலைத் தவிர வேறு உலகம் கிடையாது. விடிந்தால் மேட்டூரில் எத்தனை அடி என்று கேட்பான், சாப்பிடும்போது கேட்பான், செய்தியில் நிலவரம் சொல்லிவிட்டால் பிறகு டிவி எதற்கு என்று அணைத்துவிடுவான். அப்படிப்பட்டவனைத்தான் அந்த வருஷம், இரண்டாயிரத்துப் பதினெட்டில், மாசி மாதம் சவரியப்பன் கிளப்பிக்கொண்டு போனார். விசா வேண்டாத நாடு ஒன்றுக்கு விமானம், அங்கிருந்து இத்தாலிக்குக் காடும் மலையும். ஜூன் முதல் வாரம் ரெஜின் இத்தாலியிலிருந்து கூப்பிட்டான். "நாளைக்கு லாரியில ஏத்துறாங்க. பிரான்ஸ் போயிக் கூப்புடுறேன்" என்றான்.

அதற்குப் பிறகு அவன் கூப்பிடவில்லை. சவரியப்பன்தான் கூப்பிட்டார். ரெஜின் வந்து சேர்ந்துவிட்டான், வேலை பார்க்கிற இடத்தில் போன் வைக்க விடமாட்டார்கள், தான் போகும்போது குரலைப் பதிவு பண்ணி அனுப்புகிறேன் என்றார். சொன்னபடி ஜூன் கடைசியில் ஒன்று வந்தது. "எல்சி, நான் நல்லா இருக்கேன். வேலை கஷ்டமில்ல. பாப்பாவப் பாத்துக்க. சவரியண்ணன் சொல்றபடி நடந்துக்க." எல்சி அதை நூறு தடவை கேட்டிருப்பாள்.

ஜூலை கடைசி வாரம் ஆற்றில் தண்ணீர் வந்தது. வந்தது என்றால் சும்மா இல்லை, இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு வந்தது. ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தது. எல்சி சந்தோஷம் தாங்காமல் சவரியப்பனுக்குப் போன் போட்டாள். "அண்ணே, ஆத்துல தண்ணி வந்துருச்சின்னு அவருகிட்ட மறக்காம சொல்லுங்க. நாத்து விடப்போறேன்னும் சொல்லுங்க. அதக் கேட்டாலே பாதி ஒடம்பு தேறிடும்." மறுநாள் அவர், "சொல்லிட்டேன்மா, துள்ளிக் குதிச்சான்" என்றார். ஒரு வாரம் கழித்து ரெஜின் குரல் வந்தது. "சாப்பாட்டுக்குப் பஞ்சமில்ல எல்சி. பாப்பாவுக்கு முடிய ஒட்ட வெட்டிப்புடாத." தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எல்சிக்கு ஒரு மாதிரி இருந்தது. அலுப்பாக இருந்திருப்பான் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

இப்போது ஒன்பது பேர் என்று போலீஸ்காரி சொன்னபோதும் அந்த இரண்டு குரலைத்தான் எல்சி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். லாரி நின்றது ஜூனில். ரெஜின் அதற்கப்புறம் பேசியிருக்கிறான். செத்தவன் பேசுவானா?

சம்மன் வாங்கி இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது. வீட்டுக்குள் நுழைந்து தண்ணீர் மொண்டு குடிக்கும்போது போன் அடித்தது.

"என்ன எல்சி, கோர்ட்லேருந்து பேப்பர் வந்துருக்காமே?"

எல்சி சொம்பைக் கீழே வைத்தாள். யார் சொன்னது? போலீஸ்காரி வந்ததை வயலில் நாலு பேர் பார்த்தார்கள். கடைத்தெருவில் பத்துப் பேர் பார்த்தார்கள். அதில் எவன் இத்தாலிக்குப் போன் போட்டான்?

"ஆமாண்ணே. என்னான்னே புரியல."

"புரியாம இருக்குறதுதான் நல்லது. போட்டோ காட்டுவாங்க. தெரியாதுன்னு சொல்லிடு. ஒத்த வார்த்தை. நீ பாட்டுக்கு எதயாச்சும் சொல்லிட்டேன்னு வையி, இங்க போலீஸு நான் வச்சிருக்குற எடத்தையெல்லாம் நோண்டுவான். கூட இருக்குறவனுங்க என்னய மாதிரி இல்லம்மா. யாரு வீட்டுக்காரி காட்டிக் குடுத்தான்னு பாப்பானுங்க. ரெஜின் என் கண்ணு முன்னாடியே இருந்தாக்கூட என்னால காப்பாத்த முடியாது."

"அண்ணே, அந்த லாரியில செத்தவங்க..."

"அது வேற யாரோ அனுப்புன லாரி. அதப் போயி நீ ஏன் போட்டுக் கொழப்பிக்குற? பாப்பா எப்புடி இருக்கு? ஸ்கூல்ல யூகேஜி சேத்துட்டியாமே. கேட்டுக்குப் பக்கத்துக் கிளாஸுதானே?"

ஆமாம் என்றாளா இல்லையா என்பதுகூட அவளுக்கு நினைவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் ஃபெபி பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது கையில் ஒரு பெரிய சாக்லெட் பெட்டி இருந்தது. வெளிநாட்டுப் பெட்டி. தங்கக் காகிதம் சுற்றியது.

"யாரு குடுத்தா?"

"ஒரு மாமா. கேட்டுகிட்ட வந்து, ஞானத்தகப்பன் குடுத்தாரு, வியாழக்கிழமை வரைக்கும் வச்சித் தின்னுன்னு சொன்னாங்க."

எல்சி பெட்டியைப் பிடுங்கி, வாய்க்காலில் எறிந்தாள். பிள்ளை வீறிட்டு அழுதது. அவளும் சேர்ந்து அழுதாள். மறுநாள் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. தெருவில் தெரியாத மோட்டார் பைக் சத்தம் கேட்டால் பிள்ளையை இழுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். சாமியாரிடம் சொல்லலாமா என்று கோயில் வாசல் வரை போனவள், கொடிமரத்தில் சவரியப்பன் பெயரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். போலீஸில் சொன்னால் சம்மன் சேதி போன அதே வழியில் அதுவும் இரண்டு மணி நேரத்தில் இத்தாலி போய்விடும். ஊர் முழுக்க மனிதர்கள் இருந்தும் நம்பிச் சொல்ல அவளுக்கு ஆள் இல்லை.

புதன்கிழமைக்குள் அவள் முடிவுக்கு வந்துவிட்டாள். தெரியாது என்று சொல்வது. செத்த ஒன்பது பேருக்கும் வீடு இருக்கும், பெண்டாட்டி இருப்பாள், நியாயம் கிடைக்க வேண்டும், எல்லாம் சரி. ஆனால் செத்தவர்களுக்காக உயிரோடு இருக்கிறவனைக் கொடுக்க முடியுமா? மாதாவிடம் மன்னிப்பை முன்கூட்டியே கேட்டு வைத்தாள். அப்படிக் கேட்பது செல்லுமா செல்லாதா என்று சாமியார்தான் சொல்ல வேண்டும்.

வியாழக்கிழமை காலை ஃபெபியை ராமாயியிடம் விட்டாள். ராமாயி நடவு ஆட்களுக்குத் தலைவி, குரலாலேயே ஆளை அடிக்கிறவள். எல்சி விவரம் ஏதும் சொல்லவில்லை, பிள்ளையைக் கண்ணைவிட்டு அகல விடாதே என்று மட்டும் சொன்னாள். ராமாயி அவள் முகத்தைப் பார்த்தாள். "பதினாலு பொம்பள இருக்கோம், என் இடுப்புல அருவா இருக்கு. எவன் வரான்னு பாக்குறேன், நீ போயிட்டு வா" என்றாள். எதற்கு என்று கேட்கவேயில்லை.

திருவையாற்றில் பஸ் ஏறி, ஐந்து ஆற்றுப் பாலத்தையும் தாண்டித் தஞ்சாவூர் வந்தாள். ஐந்திலும் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ஜன்னலோரத்தில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் போனை நீட்டிப் படம் எடுத்தார்கள். எல்சி மடியில் கையைக் கோத்துக்கொண்டு, தெரியாது, தெரியாது என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

கோர்ட் வராந்தாவில் பெஞ்சு முழுக்க ஆட்கள். சம்மன் கொடுத்த அதே போலீஸ்காரி வந்து, பதினொன்றரைக்குக் கூப்பிடுவார்கள், உள்ளே போகும்போது போனை அணைத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். பதினொன்று ஐந்துக்குப் போன் அதிர்ந்தது. சவரியப்பன் நம்பர். பேச்சு இல்லை, ஒரு குரல் பதிவு. இன்றைக்குப் பார்த்து அனுப்பியிருக்கிறான் பாவி, மறந்துவிடாதே என்று சொல்லத்தான் அனுப்பியிருக்கிறான் என்று எல்சிக்குப் புரிந்தது. இருந்தாலும் ரெஜின் குரலைக் கேட்கப் போகிறோம் என்ற ஆசையும் இருந்தது. தூண் மறைவுக்குப் போய் போனைக் காதில் வைத்து அழுத்தினாள்.

"எல்சி, நல்லாத்தான் இருக்கேன். ஒன்னு சொல்லணும்னு நெனச்சேன். இந்த வருசமும் ஆத்துல தண்ணி விடமாட்டானுவ. யாரு பேச்சயும் கேட்டுக்கிட்டு நாத்து விட்டுப்புடாத. இருக்குற வெதநெல்லு பத்திரமா இருக்கட்டும். நான் வந்து பாத்துக்குறேன்."

எல்சி மறுபடி கேட்டாள். மூன்றாம் முறை கேட்கவில்லை.

தண்ணீர் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. நாற்றுக்கு இருபத்திரண்டு நாள். கொள்ளிடத்தில் வெள்ளம் போவதை உலகத்தில் உள்ள தமிழனெல்லாம் போனில் பார்த்துவிட்டான். துள்ளிக் குதித்தான் என்று சவரியப்பன் சொன்னாரே, அந்த ரெஜின் தண்ணீர் வராது என்கிறான். இது இன்றைக்குப் பேசிய பேச்சில்லை. போன மாதம் பேசியதும் இல்லை. தண்ணீர் வரும் என்று யாருக்கும் நம்பிக்கை இல்லாத நாளில், லாரியில் ஏற்றுவதற்கு முன்னால் பேசியது. எல்லோரையும் உட்கார வைத்து, போகிற இடத்தில் போன் இருக்காது, வீட்டுக்கு நாலைந்து சேதி இப்போதே பேசிவிடுங்கள், நாள் கிழமை பண்டிகை எதுவும் சொல்லாதீர்கள், அப்போதுதான் எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம் என்று சொல்லியிருப்பார்கள். ரெஜினும் சொன்னபடி பேசியிருக்கிறான். கடைசியில் வாய் சும்மா இருக்கவில்லை. தண்ணீர் வராது என்பதில் என்ன நாள் கிழமை இருக்கிறது என்று நினைத்திருப்பான். முப்பது வருஷமாக வயலில் கால் வைக்காத சவரியப்பனுக்கும் அது எந்த மாதமும் சொல்லலாம் என்கிற பேச்சாகத்தான் பட்டிருக்கிறது. லாரியில் ஏறின பிறகு ரெஜின் பேசவே இல்லை.

எல்சிக்கு அழுகை வரவில்லை. தூணோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். ஆறு நாளாக அடிவயிற்றில் கிடந்த பயத்தைத் தேடிப் பார்த்தாள். பிள்ளைக்கான பயம் அப்படியே இருந்தது. ரெஜினுக்கான பயம் இல்லை. அது இருந்தவரை அவன் இருந்தான். இனி அவனுக்காகப் பயப்படக்கூட முடியாது என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஒரு கணம், தெரியாது என்றே சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், அடுத்த குரல் வரும் என்று காத்துக்கொண்டிருக்கலாமே என்றுகூடத் தோன்றியது. இன்னும் ஒன்றோ இரண்டோ மிச்சம் வைத்திருப்பார்கள்.

"எல்சி! எல்சி! எல்சி!" என்று கோர்ட் வாசலில் டவாலி மூன்று முறை கூப்பிட்டார்.

உள்ளே மாஜிஸ்திரேட் மேசைக்குப் பக்கத்தில் பெரிய டிவி. அதில் ஒரு வெள்ளைக்கார அம்மாள், அவர்தான் நீதிபதி. பக்கத்தில் மொழிபெயர்ப்பதற்கு ஒரு இலங்கைத் தமிழர். சத்தியம் வாங்கினார்கள். திரையில் ஒரு போட்டோ வந்தது. பனிக்குல்லாய் போட்டிருந்தாலும் அந்தச் சிரிப்பு மாறவில்லை.

"அம்மா, இந்த ஆளை உங்களுக்குத் தெரியுமோ?" என்று இலங்கைக்காரர் கேட்டார்.

எல்சி தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். "தெரியும்ங்க" என்றாள். "பேரு சவரியப்பன். சூசைநல்லூரு. எம் புள்ளைக்கு ஞானத்தகப்பன். எங்க கோயில் பதிவேட்டுல அவரு கையெழுத்து இருக்கு, வேணும்னா எடுத்து உங்ககிட்ட இருக்குற கையெழுத்தோட ஒத்துப் பாருங்க."

வெள்ளைக்கார அம்மாள் வேகமாக எழுதத் தொடங்கினாள். எல்சி போனை மேசைமேல் வைத்து, மூன்று குரலையும் போட்டுக் காட்டினாள். மூன்றாவதில் என்ன தப்பு என்று முதலில் எவருக்கும் விளங்கவில்லை. இலங்கைக்காரர் இரண்டு தடவை கேட்டு மொழிபெயர்த்தார். கடைசிக் குரல் இன்றைக்குத்தான் வந்ததென்றால் இவருடைய புருஷன் உயிரோடு இருக்கிறார் என்றுதானே அர்த்தம் என்று அந்த அம்மாள் கேட்டாள். பதிலுக்கு மாஜிஸ்திரேட்தான் மெல்ல, "ஆத்துல தண்ணி எப்பம்மா வந்துச்சு?" என்றார். ஜூலை கடைசி வாரம் என்று எல்சி சொன்னதும் அவர் பேனாவைக் கீழே வைத்தார். படிக்கட்டு மாதிரி ஒவ்வொன்றாக அவரே இங்கிலீஷில் விளக்கினார். திரையில் இருந்தவள் கண்ணாடியைக் கழற்றினாள். பெயர் தெரியாத ஒன்பது பேரில் ஒருத்தரைத் தேட, டிஎன்ஏ சோதனைக்குப் பிள்ளையிடமிருந்து ஒரு மாதிரி எடுக்க வேண்டியிருக்கும், சம்மதமா என்று கேட்டாள். எல்சி தலையை ஆட்டினாள். பள்ளிக்கூட வாசலில் சாக்லெட் பெட்டி வந்ததையும் சொன்னாள். பிள்ளைக்கு வீட்டில் இன்றிலிருந்து போலீஸ் காவல் போடும்படி மாஜிஸ்திரேட் அங்கேயே உத்தரவு எழுதினார்.

எல்லாம் முடிந்து குமாஸ்தா வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினார். "தஞ்சாவூர் மாவட்டம், திருவையாறு வட்டம், சூசைநல்லூர், ரெஜின் மனைவி எல்சி, வயது முப்பத்திரண்டு..."

"ஐயா, அதுல ஒரு திருத்தம்" என்றாள் எல்சி.

"என்னம்மா? வயசா?"

"அவரு பேருக்கு முன்னாடி லேட்னு போடுங்க."

குமாஸ்தா மாஜிஸ்திரேட்டைப் பார்த்தார். மாஜிஸ்திரேட் தலையசைத்தார். குமாஸ்தா பேனாவை எடுத்து, டைப் அடித்த வரிக்கு மேலே இருந்த இடுக்கில் அந்த ஒரு வார்த்தையைச் சின்னதாக எழுதினார். கையால் திருத்தினால் பக்கத்தில் சாட்சியின் கையெழுத்து வேண்டும் என்பது சட்டம். அவர் விரலால் தொட்டு இடத்தைக் காட்டினார். எல்சி குனிந்து அங்கே கையெழுத்துப் போட்டாள்.